கார்டு இல்லாமல் படம் வராது

என் அண்ணனிடம் கம்ப்யூட்டர் இருந்தது. எனக்கு அவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்க இடம் இருந்தது. கார் பந்தயமோ துப்பாக்கிச் சண்டையோ, அவன் ஆடுவான், நான் பார்ப்பேன். கேட்டால், "நீ பாரு, போதும்" என்பான். ஒருமுறைகூடக் கீபோர்டைத் தொட விட்டதில்லை. அதனால், கல்யாணமாகி பாரிவாக்கத்தில் ஃபிளாட் வாங்கி, தவணை போகக் கையில் கொஞ்சம் நின்றபோது நான் ஆசைப்பட்டது நகைக்கு அல்ல. கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர், எனக்கே எனக்கென்று.

ஒவ்வொரு பாகமாக நானே தேர்ந்தெடுத்தேன். கலர் விளக்கு எரியும் கேபினெட் வேண்டாம். விளக்கு கேம் ஆடாது. மெமரிக்கு ராம் இப்போதைக்கு ஒன்று. பவர் சப்ளை மட்டும் நல்லதாக இருக்கட்டும், எங்கள் பக்கத்துக் கரண்டை நம்ப முடியாது. விலையில் பாதியை விழுங்கும் கிராபிக்ஸ் கார்டைத் தீபாவளி போனஸுக்குத் தள்ளிவைத்தேன். அதுவரை திரையில் படம் காட்டும் வசதி தன்னுள்ளேயே இருக்கிற பிராசஸர் போதும், சின்ன கேம்கள் ஓடும் என்பது கணக்கு.

பூந்தமல்லியில், மெட்ரோ தூண்களுக்கு எதிரே மாடியில் கடை. கடைக்காரர் என் கணவரைப் பார்த்து, "அண்ணாத்தே, இன்னா கேம் ஆடுவீங்கோ?" என்றார்.

என் கணவருக்கு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை. போனில் ரம்மிகூட ஆடத் தெரியாது. "எனக்கில்லீங்க, இவங்களுக்கு" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு மறுபடி அவர் பக்கமே திரும்பிக்கொண்டார். கேள்வி நான் கேட்டேன், பதில் அவருக்குப் போனது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் பேங்க்கிலும் பைக் சர்வீஸிலும் இதே கதை என்பதால் விட்டுவிட்டேன்.

நடுவில் ஆபீஸிலிருந்து போன். படிக்கட்டில் நின்று பேசிவிட்டு வந்தால், நான் கேட்ட பிராசஸர் ஸ்டாக் இல்லை, மேஜைமேல் வேறொன்று இருந்தது. "அதே வேகமாம், விலையும் கம்மி" என்றார் கணவர், பெரிதாகச் சாதித்த முகத்தோடு. மிச்சம் என்று கேட்டதும் எனக்கும் வாயெல்லாம் பல், பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் பேப்பர் விரித்து நானே பூட்டினேன். அவர் கேபினெட்டுக்குக் குங்குமம் வைத்தார். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. கேபிளை மாற்றினேன். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. சொல்வதற்கென்ன, அழுகை வந்துவிட்டது.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர், "அண்ணாத்தே கைல அப்பவே சொன்னேனேக்கா. இதுல கார்டு இல்லாம படம் வராதுன்னு. சரி சரின்னு தலைய ஆட்னாரு" என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். "சொன்னாரு. புரியாமத்தான் தலையாட்டினேன். தெரியலைன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு" என்றார். பிறகு கடைக்காரரிடம், "இனிமே எல்லாத்தையும் அவங்ககிட்டயே சொல்லுங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிப் படியிறங்கிப் போனார். கல்யாணமானதிலிருந்து அவர் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான்.

வேறு வழியில்லாமல் கடைக்காரர் என்னிடம் பேசினார். பிரித்த பிராசஸரைத் திருப்பி எடுக்க முடியாது. பழைய கார்டு ஒன்று இருந்தது. "ராப்பகலா ஓட்டுனதாக்கூட இருக்கும்க்கா, பாத்து எடுத்துக்கோ" என்று உள்ளதைச் சொன்னார். ஆபீஸில் என் வேலையே சாஃப்ட்வேரைப் படுத்திப் பார்ப்பதுதான். டீ முடிந்து கணவர் திரும்பி வந்த பிறகும் அந்தக் கார்டைக் கடையிலேயே ஓட்டி, சூடேற்றி, தாங்குகிறது என்று தெரிந்த பிறகே எடுத்தேன். கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கி இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த ஹெட்செட்டையும் புதுக் கீபோர்டையும் திருப்பிக் கொடுத்ததில் விலை கட்டுப்படியானது. வீட்டிலிருந்த பழைய கீபோர்டு போதும்.

சாயங்காலம் படம் வந்தது. கார் பந்தயம். முதல் வளைவிலேயே சுவரில் மோதினேன். கணவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். "எனக்கு ஒரு தடவை?" என்றார்.

"நீங்க பாருங்க, போதும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை.