ஆண்டியப்பன் அடைத்த குழாய்

வட்டக்கச்சியில் வாடகைக்குக் கார் வேண்டுமென்றால் ஆண்டியப்பனைத்தான் கூப்பிடுவார்கள். மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவர். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு, பத்து வயதில், தகப்பனோடு வன்னிக்கு வந்தார். காடு வெட்டினார், உழவு இயந்திரம் ஓட்டினார், சண்டைக்காலத்தில் எல்லோரையும் போல ஓடினார். எல்லாம் முடிந்த பிறகு வவுனியாவில் ஒரு பழைய டட்சன் காரை வாங்கிவந்தார். கார்புரேட்டர் வைத்த கார். பழுது வந்தால் தானே கீழே படுத்துச் சரிசெய்துவிடுவார்.

எதிர் வளவில் வீரகத்தி இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்த குடும்பம். தோட்டத்து ஆட்களென்று மற்றவர்கள் படலையோடு நின்றுகொண்ட அந்த ஒழுங்கையில், ஆண்டியப்பன் வீட்டுக் குசினிக்குள் வந்திருந்து தேத்தண்ணி குடித்த முதல் ஆள் அவர்தான்.

2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றது. உதிரிப்பாகமும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் காரின் ரப்பர்க் குழாய் ஒன்று வெடித்துப் பெற்றோல் கசிந்தது. அந்தக் காரில் டாங்கியிலிருந்து பெற்றோலை முன்னுக்கு, எஞ்சினோடிருக்கும் பம்புக்குக் கொண்டுவர ஒரு குழாய். மிஞ்சுவதைத் திரும்ப டாங்கிக்குக் கொண்டுபோக இன்னொன்று. வெடித்தது திரும்பிப் போகும் குழாய். கொண்டுவருகிற குழாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று எண்ணி, மற்றதன் வாயில் ஒரு போல்டைச் செருகி இறுக்கினார். கசிவு நின்றது. கார் ஓடியது.

யூலையில் ஒரு நண்பகல், மாங்குளம் போய்த் திரும்பி, காரை வெயிலில் விட்டுவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். வீரகத்தியின் மனைவி விமலேஸ்வரி படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"அண்ணை, இவரை நாகம் கொத்திப்போட்டுது! கெதியா வாங்கோ!"

வீரகத்தியைப் பின் ஆசனத்தில் ஏற்றினார்கள். விமலேஸ்வரி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டார். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் பாதித் தூரம்கூடப் போகவில்லை. கார் இரண்டு தரம் குலுங்கி நின்றுவிட்டது. கார்த் திறப்பைத் திருப்பினார், திருப்பினார், எஞ்சின் பிடிக்கவில்லை. வீதியில் ஒரு வாகனம் இல்லை.

"பெற்றோல் முடிஞ்சுதோ அண்ணை?"

"ஓம் போல கிடக்கு" என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

பொனற்றைத் திறந்தார். பெற்றோல் பம்பில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. திரும்பிப் போக வழியில்லாத பெற்றோல் பம்புக்குள்ளேயே கொதித்து ஆவியாகி, எஞ்சினுக்குப் போகாமல் அடைத்திருந்தது. போட்டிருந்த சேட்டைக் கழற்றி வீதியோர வாய்க்காலில் நனைத்துப் பம்பின்மேல் போட்டார்.

"அண்ணை, இவருக்குக் கண் திறக்க ஏலாமக் கிடக்கு!" என்று விமலேஸ்வரி கத்தினார்.

இருபது நிமிடத்துக்கு மேல் கழித்து வயல் பக்கமிருந்து ஓர் உழவு இயந்திரம் வந்தது. வீரகத்தியை அதன் பெட்டியில் தூக்கி வைத்தார்கள். விமலேஸ்வரியும் ஏறிக்கொண்டார். அது போய் மறைந்த பிறகு ஆண்டியப்பன் திறப்பைத் திருப்பிப் பார்த்தார். கார் ஸ்டார்ட் ஆனது.

ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் வீரகத்தியின் மூச்சு நின்றுவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பெற்றோல் தட்டுப்பாட்டைத்தான் திட்டினார்கள். ஆண்டியப்பன் பாடை தூக்கினார். குழாயின் கதையை மட்டும் எடுக்கவில்லை.

ஆறு மாதம் போனது. விமலேஸ்வரியின் மிளகாய்த் தோட்டம் காய்ந்து கிடந்தது. ஒருநாள் ஆண்டியப்பன் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டார்.

"தங்கச்சி, தண்ணி இறைக்கிற மெஷினை ஏன் போடேல்லை?"

"அதைத் தொடவும் மாட்டன் அண்ணை. பாம்பு கொத்துறதுக்கு முந்தின கிழமை இந்த மெஷினுக்கெண்டு உங்கட காரிலயிருந்து ரெண்டு லீற்றர் வாங்கினது நான்தானே? வேண்டாமெண்டு அவர் சொன்னவர். அது டாங்கியில கிடந்திருந்தா அவர் இண்டைக்கு இருப்பார்."

ஆண்டியப்பன் அவருக்கு முன்னால் போய் நிலத்தில் குந்தினார்.

"இல்லைத் தங்கச்சி. அண்டைக்கு டாங்கியில பெற்றோல் கிடந்தது. நான்தான் ஒரு குழாயை அடைச்சுப்போட்டன். அதாலதான் கார் நிண்டது."

விமலேஸ்வரி அவருடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அது உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"ஓம். றோட்டில நிக்கேக்கையே தெரியும்."

"குழாயை அடைச்சது தெரியாமச் செய்தது. ஆனா ஆறு மாசமா நான் படுறதை முன்வீட்டிலயிருந்து பாத்துக்கொண்டு இருந்திருக்கிறியள்."

எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அந்தக் கிழமையே மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. ஆண்டியப்பன் புதுக் குழாய் தேடி வாங்கிப் போட்டார். வீரகத்தி செத்து ஒரு வருடம் முடிய, ஆட்டைத் திவசத்துக்கு ஊரெல்லாம் சொன்னார்கள், அவருக்குச் சொல்லவில்லை. அன்று அவர் காரை வெளியே எடுக்கவுமில்லை, பின்னேரம்வரை சாப்பிடவுமில்லை.

"நீங்கள் வாய் திறக்காம இருந்திருக்கலாம்" என்றார் மனைவி வடிவம்மா.

"அவா தான்தான் புருசனைச் சாகடிச்சதெண்டு நினைச்சுக்கொண்டெல்லோ இருந்தவா" என்றார் ஆண்டியப்பன். "வாய் திறந்தது பிழையில்லை வடிவு. பிந்தினதுதான் பிழை."

விமலேஸ்வரி இப்போது கிளிநொச்சிக்குப் பஸ்ஸில்தான் போய்வருகிறார். வெயிலில் அவர் நடந்துவரும்போது ஆண்டியப்பன் காரை மெதுவாக்குவார். விமலேஸ்வரி தலையை நிமிர்த்தாமல் கடந்து போய்விடுவார்.