பிள்ளையார் சுழி பிறந்த நேரம்

போன வெள்ளிக்கிழமை. ஒஃபிஸில் தேத்தண்ணியை வாயில் வைக்கவில்லை... போன் அடித்தது. என் தங்கச்சி வாசுகி.

"அண்ணா, உடன வாங்கோ! எல்லாம் பிழைச்சுப் போச்சு!"

அழுகிறாளா, கத்துகிறாளா என்றே விளங்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கொழும்புக் காலி வீதியில் ஒரு த்ரீவீலைப் பிடித்துப் பாமன்கடைக்கு ஓடினேன்.

வாசுகி ஓர் அச்சகத்தில் கல்யாணக் கார்ட் டிசைன் செய்துகொண்டிருந்தவள். வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையிலேயே சொந்தத் தொழில் தொடங்குகிறாள். அன்றுதான் முதல் நாள். நானோ பஸ்ஸுக்கு மட்டும்தான் நேரம் பார்ப்பவன். அவள் புதுச் செருப்புப் போடுவதற்கும் பஞ்சாங்கம் பார்ப்பவள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான் - என்ன செய்ய?

புது லப்டொப்பில் முதல் ஃபைல் என்ன தெரியுமா? பிள்ளையார் சுழி! வெறும் 'உ', மஞ்சள் நிறத்தில். காலையில் சுபநேரத்துக்குள் அதைச் சேவ் பண்ணி, லப்டொப்புக்குச் சந்தனப் பொட்டு வைத்து, மோதகமும் படைத்தாயிற்று. அதுவரை எல்லாம் சரி.

பிறகு மருதானையிலிருந்து ஃபரீனா அக்கா வந்திருக்கிறார். மகளின் கல்யாணத்துக்குக் கார்ட் அடிக்க வேண்டும். முதல் ஓர்டர்! வாசுகிக்குத் தலைகால் புரியவில்லை. "பாருங்கோ அக்கா, இதுதான் என்ர முதல் ஃபைல்" என்று திறந்து காட்டியிருக்கிறாள். மஞ்சள் கொஞ்சம் வெளிறித் தெரிய, நிறத்தைச் சற்றுக் கூட்டியிருக்கிறாள். விரல் பழக்கதோஷத்தில் சேவ் பட்டனை அமத்திவிட்டது.

வெள்ளிக்கிழமை, பத்தரை தாண்டிய நேரம். அசல் இராகுகாலம்!

ஃபைலுக்குப் பக்கத்தில் இருந்த காலை நேரத்தைக் காணோம். அந்த இடத்தில் இராகுகாலம் குந்திக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். முதல் ஃபைலே இப்படியென்றால் தொழில் உருப்படுமா? அடுத்த நல்ல நாள் பார்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கப் போகிறாளாம். அதுவரை ஓர்டர் எடுக்கமாட்டாளாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஃபரீனா அக்கா கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

"நாங்க பிஸ்மி சொல்லிட்டுத் தொடங்கிருவோம் தங்கச்சி. எனக்கு இன்டைக்கே ஒரு முடிவு வேணும். இல்லாட்டி வேற ப்ரெஸ்ஸுக்குத்தான் போகணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கோடி என்னை ஓடப் பண்ணினனீ? தள்ளு!"

லப்டொப்பில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தேன். ஒஃபிஸில் சேர்வரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. எந்த ஃபைல், எந்த நேரம் என்று ஒரே வரி அடித்து, என்டர் தட்டினேன். இராகுகாலம் போயே போச்சு... காலை நேரம் வந்து உட்கார்ந்தது!

"இப்ப சரியோ?" என்றேன், மீசை இல்லாத இடத்தை முறுக்கிக்கொண்டு.

வாசுகி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"அண்ணா, அது கள்ள நேரமெல்லே? பிள்ளையாருக்குத் தெரியாதோ? முதல்ல இருந்த மாதிரியே மாத்திவிடுங்கோ."

சரி, தாயே. மறுபடி ஒரு வரி. இராகுகாலத்தையே திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். ஃபரீனா அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வாசுகியின் கண் நிறைந்துவிட்டது. பாவம், அந்த முதல் ஓர்டருக்காக எத்தனை நாள் கனவு கண்டவள்!

நேரம் ஒழுங்காகத் திரும்பிவிட்டதா என்று பார்க்க, 'டிர்' என்ற கட்டளையை அடித்தேன். அது கடைசியாகக் கைவைத்த நேரத்தைத்தான் சொல்லும். கூடவே ஓர் எழுத்தைச் சேர்த்துக் கேட்டால், ஃபைல் முதன்முதலில் உண்டான நேரத்தையும் சொல்லும். கேட்டேன். வந்தது பாருங்கள்... காலைச் சுபநேரம்! ஒருவரும் தொடாமல், பத்திரமாக, அப்படியே!

"வாசுகி, இஞ்ச பார்! இது நான் மாத்தினதில்லை. உன்ர பிள்ளையார் சுழி பிறந்த நேரம்!"

"அப்ப மற்ற நேரம்?"

"அது கடைசியா நீ நோண்டின நேரம். சாதகம் எழுதுறது பிறந்த நேரத்துக்கோ, கடைசியாத் தலைமயிர் வெட்டின நேரத்துக்கோ?"

ஃபரீனா அக்காதான் முதலில் சிரித்தார். வாசுகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம்... அது சரிதானே" என்றாள். கைப்பை தோளிலிருந்து இறங்கியது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

நாமும் இப்படித்தான், இல்லையா? யாரைப் பார்த்தாலும் கடைசியாக நடந்த கோணலைத்தான் முதலில் கவனிக்கிறோம். தொடங்கியபோது எப்படியிருந்தது என்று கேட்க, கூடுதலாக ஓர் எழுத்து அடிக்கவும் நமக்குப் பஞ்சி, அவ்வளவு சோம்பல்.

பன்னிரண்டு தாண்டி, இராகுகாலம் முடிந்ததும் ஓர்டர் எழுதியாயிற்று. பச்சை நிறக் கார்ட், பொன் எழுத்து. மூன்று பேருமாக மோதகத் தட்டைக் காலி பண்ணினோம். புறப்படும்போது வாசுகி என்னை வாசலில் மறித்தாள்.

"அண்ணா, முதல்ல அடிச்சீங்களே, நேரம் மாத்துற வரி... அதை ஒரு துண்டில எழுதித் தந்திட்டுப் போங்கோ."

"ஏன்? கள்ள நேரம் வேண்டாமெண்டனீ?"

"அது பிள்ளையாருக்கு. டிசைன் பிந்தினா கஸ்டமருக்கு என்னத்தைக் காட்டுறது?"

தொழில் கட்டாயம் உருப்படும்!