அப்பா அடித்த மணி

எங்கள் பி.டி. சாருக்கு விசில் தேவையே இல்லை. மைதானத்தின் ஒரு முனையில் நின்று "ஏட்டி!" என்று சத்தம் கொடுத்தால், மறுமுனையில் மேய்கிற ஆடுகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும். ஆனாலும் விசில் எப்போதும் கழுத்தில் தொங்கும். எங்களுக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்ததும் அவர்தான், கோவில்பட்டியில் பள்ளிப் போட்டிகளை முன்னின்று நடத்தியதும் அவர்தான். போட்டி என்று வந்துவிட்டால் எங்களைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார். தண்ணீர்கூட வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் அப்பா வேறு மாதிரி. மார்க்கெட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். தராசு முள் நேராக நிற்காமல் பொட்டலம் மடிக்க மாட்டார். நான் ஹாக்கி ஆடுவது அவருக்குத் தெரியாது. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மா பூசி மெழுகி வைத்திருந்தாள். பத்தாம் வகுப்பில் ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவான் கடைக்கு வந்து, துவரம்பருப்பு வாங்கின கையோடு, "ஒங்க மக குட்டப் பாவாடையில கம்பத் தூக்கிட்டு ஓடுதா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் தீர்ப்பு வந்தது. "இனிமே மைதானத்துப் பக்கம் காலு வைக்கப்படாது."

மறுநாள் இறுதிப்போட்டி. அம்மாவின் ஒத்தாசையில் போய்விட்டேன். சாரிடம் போய், "அப்பாக்குத் தெரிஞ்சிட்டு சார். வந்தா இழுத்துட்டுப் போயிருவாக. இதோட என் ஆட்டம் முடிஞ்சிச்சு" என்றேன்.

"வரட்டும்ட்டி. நீ போயி கால்ல பேடக் கட்டு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனிதருக்கு மேட்சைத் தவிர வேறு கவலையே கிடையாதா?

இடைவேளையில், நேரம் பார்த்து மணி அடிக்கிற மேசைக்குப் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். அப்பாவின் சைக்கிள் வந்து நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக என்னை நோக்கி நடந்தார். நான் பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டேன். சார் குறுக்கே போய்க் கையைப் பிடித்துக்கொண்டார், என்னமோ பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி.

"வாங்க அண்ணாச்சி, நல்ல நேரத்துல வந்தீய. மணி அடிக்கிறவரக் காணும். சித்த இங்கன உக்காருங்க."

"நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தேன் சார்."

"கூட்டிட்டுப் போங்க, யாரு வேண்டாங்கா? ஆட்டம் முடியட்டும்."

சொல்லிக்கொண்டே கடிகாரத்தை அப்பாவின் கையில் வைத்தார். பித்தளைக் கைமணியை முன்னால் நகர்த்தினார். அதற்குள் எதிரணியின் மாஸ்டர் வந்துவிட்டார். "என்ன சார் இது, ஆடுத பிள்ளையோட அப்பாவையே மணி அடிக்க வச்சா, நியாயமா அடிப்பாரா?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் கடையில எடை குறைஞ்சிச்சுன்னு இந்த ஊர்ல ஒரு ஆளு சொல்லட்டும். கடைய இழுத்துப் பூட்டிருதேன்" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண் கடிகாரத்திலேயே இருந்தது.

ஆளுக்கு ஒரு கோல். முடியப்போகிற நேரம். முந்தின வாரம் பெய்த மழையில் கரிசல் மண் ஷூவில் அப்பிக் கால் கனத்தது. எப்படியோ ஒருத்தியைத் தாண்டி, இன்னொருத்தியைத் தாண்டி, வட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன். இதில் ஜெயித்தால் அப்பா மனசு மாறும் என்று ஒரு நப்பாசை. ஓங்கி அடித்தேன். கோல் பலகையில் பந்து டமாரென்று மோதியது. மணியும் கேட்டது.

பிள்ளைகள் என் மேல் வந்து விழுந்தார்கள். நடுவர் மேசையைப் பார்த்தார். அப்பா எழுந்து நின்றார்.

"மணிதான் முந்தி. பந்து பெறவுதான் போச்சு."

"யப்பா!" என்று கத்தினேன். கொசுறு கேட்கிற ஆளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். கோல் இல்லை என்று நடுவர் கையை ஆட்டினார். இருட்டிக்கொண்டு வந்ததால் மறுநாள் காலையில் திரும்ப ஆட வேண்டும் என்று முடிவானது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். கோலும் போச்சு, ஆட்டமும் போச்சு. எதிரணியின் மாஸ்டர் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டம் கலைந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அப்பா சாரிடம் கேட்டது காதில் விழுந்தது.

"காலையில எத்தன மணிக்கு சார்?"

"ஏழு மணிக்கு அண்ணாச்சி."

"கடையத் தம்பிட்ட சொல்லிட்டு வாரேன். மணிய வேற யாருகிட்டயும் குடுத்துராதீய."

மறுநாள் நாங்கள் தோற்றோம். நேரத்தில் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் ஊரில் எந்தப் போட்டி என்றாலும் மணி அப்பாவுடையது. நான் வெளியூர் போய் ஆடும்போது, பெட்டியை ரயிலில் ஏற்றிவிட அவரே வருவார்.

இப்போதும் மே மாதம் போட்டிக்கு நான் ஊருக்கு வந்துவிடுவேன். சாருக்கு முட்டுவலி. அவரும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நடுவர்களைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு தலைகளையும் ஒன்றாகப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் சந்தோஷத்துக்கு அளவே கிடையாது. வருஷம் தவறாமல் சாரிடம் ஒன்று கேட்பேன், "அது கோல்தான சார்?" என்று. "மேசை சொன்னா சொன்னதுதான்" என்று வாயை அடைத்துவிடுவார்.

இந்த வருஷம் அப்பா டீ வாங்க எழுந்து போன நேரத்தில் கேட்டேன். சார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"மணி அடிக்க வந்தவர டீ குடிக்க அனுப்பினதே நான்தாம்ட்டி. ஒங்கப்பா சைக்கிளத் தூரத்துலயே பாத்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சரி சார், அது கோலா இல்லையா? அதச் சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் பந்தப் பாத்தாவ. நான் ஒங்கப்பா கையத்தான் பாத்துட்டு நின்னேன்."