தெற்குப் பக்கம் பிடியுங்கோ

அப்பா சாகப்போறார் எண்டு தெரிஞ்ச உடனை நாங்கள் ரேடியோ வாங்கப் போனம். கேக்கிறவைக்கு விசர்க்கதை மாதிரித்தான் இருக்கும். ஆனால் அவர் செத்தால் ஒருத்தரும் எனக்குப் போன் எடுத்துச் சொல்லமாட்டினம். கனடாவிலை இருக்கிற அண்ணன்மாருக்கு என்ரை நம்பர் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் எடுக்கிறேல்லை. நான் சாதி மாறிக் கலியாணம் கட்டினவள். அண்டைக்கே யாழ்ப்பாணத்திலை அப்பா என்னைத் தலைமுழுகிப்போட்டார்.

இஞ்சை ஜெர்மனியிலை, ஹம் கோயிலிலை எங்கடை ஊர் மனுசி ஒராள்தான் பக்கத்திலை வந்து காதுக்குள்ளை சொன்னா. "கொப்பருக்குக் கடைசிக் கட்டமாம், தங்கச்சி. பால்தானாம் பருக்கினம்." சொல்லிப்போட்டு என்ரை முகம் எப்பிடிப் போகுது எண்டு வடிவாய்ப் பாத்தா. நான் அவவுக்கு அந்தச் சந்தோசத்தைக் குடுக்கேல்லை.

கைத்தொலைபேசியிலை எல்லாத்தையும் கேக்கிற காலம் அப்ப வரேல்லை. சட்டலைட்டிலை வாற தமிழ் ரேடியோதான் எங்கடை சனத்துக்கு எல்லாம். காலமை, மத்தியானம், பின்னேரம் எண்டு ஒரே மரண அறிவித்தல் மூண்டுதரம் போகும். ஆற்றை மகன், ஆற்றை புருசன், பிள்ளையள் ஆர், மருமக்கள் ஆர் எண்டு குடும்பம் முழுக்க அதுக்குள்ளை வரும். முதலே செத்த ஆக்களையும் விடாயினம், அவையின்ரை பேருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு ஒரு சொல்லுப் போட்டு வாசிப்பினம். எனக்கு அறியவேண்டியிருந்தது ஒண்டே ஒண்டுதான். அப்பான்ரை பிள்ளையள் எண்டு வாசிக்கேக்கை என்ரை பேரையும் வாசிப்பினமோ?

"வாசிக்கமாட்டாங்கள்," எண்டார் என்ரை மனுசன். "உன்னை வாசிச்சால் மருமகன் எண்டு என்னையுமெல்லோ வாசிக்கவேணும். அதுக்கு உன்ரை கொண்ணன்மார் நாக்கைப் புடுங்கிக்கொண்டு சாவாங்கள்."

"அப்பா மனம் மாறியிருப்பார்."

"சாகேக்கை மனம் மாறுறது படத்திலை. செத்தவையைக்கூட வாசிக்கிற சனம், உன்னைத்தான் விடுவினம், பார்."

அவற்றை வாய் அப்பிடி. ஆனாலும் பக்டறியிலை லீவு எடுத்து வுப்பர்டாலிலை இருக்கிற தமிழ்க் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான்.

கடைக்கார அண்ணை முருங்கைக்காயும் சீலையும் போன் கார்ட்டும் ரேடியோவும் ஒரே மேசையிலை வைச்சு விக்கிறவர். "பாட்டுக் கேக்கவோ, நாடகம் கேக்கவோ?" எண்டு கேட்டார்.

"மரண அறிவித்தல் கேக்க, அண்ணை."

அவர் சிரிக்கேல்லை. "அதுக்குத்தான் கனபேர் வாங்கினம்," எண்டு சொல்லி மூண்டை எடுத்து வைச்சார்.

முதலாவது பெரிசு, வீட்டுக்கெண்டே செய்தது. ஆன்ரெனா அதின்ரை மூடியிலையே இருக்கு. தெற்கை பாத்த யன்னலிலை வைக்கவேணுமாம். எங்கடை வீட்டு யன்னல் முழுக்க வடக்கை, பக்கத்து மாடிச் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்குது. எங்களுக்கு வாய்ச்சது அப்பிடி. இரண்டாவது காருக்கு மட்டும், பற்றறியும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது வெறும் செங்கல். மூண்டாவது ஒரு கைப்பை அளவு. ஆன்ரெனா தனிய, நீட்டு வயரோடை. கரண்டுக்கு வீட்டுச் சுவரிலையும் கொழுவலாம், காரிலை சிகரெட் பத்தவைக்கிற ஓட்டையிலையும் செருகலாம்.

"இதுதான் காருக்கும் வீட்டுக்கும் ஒண்டு," எண்டார் அண்ணை.

"கார் ஓடேக்கை கேக்குமோ?"

"ஓடேக்கை ஏலாது, தங்கச்சி. நிப்பாட்டிப்போட்டு ஆன்ரெனாவைத் தெற்குப் பக்கம் பிடியுங்கோ. வடிவாய்க் கேக்கும்."

என்ரை மனுசனுக்குக் கோவம் ஏறிவிட்டுது. "நிப்பாட்டினால்தான் கேக்குமெண்டால் என்ன கோதாரிக்கு அதைக் காருக்கு எண்டு விக்கிறியள்? மாமனாரிட்டைச் சொல்லவேணும், நான் பார்க் பண்ணுமட்டும் பொறுத்துக்கொண்டு சாகுங்கோ எண்டு." பிறகு தானாய்ச் சிரிச்சார். "தெற்குத்தானே? யமன் இருக்கிற பக்கம். பொருத்தமான ரேடியோதான்."

அவர் சத்தம் நல்லாயிருக்கு எண்டு பெரிசைத் தட்டித் தட்டிப் பாத்தார். நான் மூண்டாவதைத் தூக்கி மடியிலை வைச்சுக்கொண்டன். எனக்குச் சத்தம் தேவையில்லை, பேர் விளங்கினால் காணும்.

அதுக்குப் பிறகு எங்கடை காலமை எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலை இருந்த சூப்பர்மார்க்கெட் கார்த்தரிப்பிடத்திலைதான். தெற்குப் பக்கம் மரமில்லை, மாடியில்லை. காரின்ரை கூரையிலை ஆன்ரெனாவை வைச்சு, யன்னலாலை வயரை உள்ளுக்கு எடுத்து, நான் காதைக் குடுத்துக்கொண்டு இருப்பன். பிறகு முதியோர் இல்லக் குசினி வேலைக்கு ஓடுவன். ஒவ்வொரு நாளும் ஆற்றையோ அப்பா செத்தார். என்ரை அப்பா சாகேல்லை.

"கொப்பர் ஜெர்மன்காரன் மாதிரி ரெர்மின் எடுத்து, நாள் நேரம் குறிச்சுத்தான் போவார் போலை," எண்டார் இவர்.

"வாயைப் பொத்துங்கோ," எண்டன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள்ளை அந்தரம்தான். செத்துத் துலையாமல் என்ன செய்யிறார் இந்த மனுசன் எண்டு பெத்த தகப்பனை நினைச்சன். ச்சீ எண்டு இருந்தது. அடுத்த நாளும் போய் ரேடியோவைப் போட்டன்.

அண்டைக்கு நல்ல காத்து. ஆன்ரெனா கூரையிலை நிக்கமாட்டன் எண்டு சறுக்கி விழுந்துகொண்டே இருந்தது. இவர் இறங்கி அதை இரண்டு கையாலையும் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். குளிர் உள்ளுக்கு வராமல் நான் யன்னலை வயரளவுக்கு மூடினன். வண்டில் தள்ளிக்கொண்டு போன வெள்ளைக்கார மனுசி இவரை ஒரு மாதிரிப் பாத்துக்கொண்டு போனா.

அப்பதான் அப்பான்ரை பேர் வந்தது. வாசிக்கிற பிள்ளைக்கு நல்ல குரல். ஊரைச் சொன்னா, அப்பான்ரை உத்தியோகத்தைச் சொன்னா, அம்மான்ரை பேரைச் சொன்னா. பிறகு பிள்ளையள். பெரியண்ணன், கனடா. சின்னண்ணன், கனடா. நான் ரேடியோவைக் காதோடை அணைச்சன்.

"காலஞ்சென்ற" எண்டா. எங்கடை வீட்டிலை காலஞ்சென்ற பிள்ளை ஆர் எண்டு நான் யோசிக்கமுன்னம் என்ரை பேரை முழுசாய் வாசிச்சா. வீட்டிலை என்னைக் கூப்பிடுற செல்லப் பேரையும் விடேல்லை. ஆகியோரின் பாசமிகு தந்தையும் எண்டா. அதுக்குப் பிறகு மருமக்கள், இரண்டு அண்ணிமாரும் மட்டும். கடைசியிலை, இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் எண்டு முடிச்சா. ஒரு துளி இரைச்சல் இல்லை. கடைக்கார அண்ணை பொய் சொல்லேல்லை.

இவர் வெளியிலை நிண்டு கண்ணாடியிலை முழங்கையாலை தட்டினார். நான் கண்ணாடியை இறக்கினன்.

"என்ன, கொப்பரோ?"

"ஓம்."

"உன்ரை பேர் வந்ததோ?"

"வந்தது."

காத்திலை சிவந்துபோயிருந்த அந்த முகம் அப்பிடியே மலர்ந்துபோச்சு. இத்தனை வருசமும் நக்கலடிச்ச மனுசன் சின்னப்பிள்ளை மாதிரிக் குனிஞ்சு கேட்டார், "அப்ப என்ரை பேர்? மருமகன் எண்டு வாசிச்சவங்களோ?"

"இல்லை," எண்டன். "செத்தவளுக்கு என்னத்துக்குப் புருசன்?"

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கினாப் பிறகும் ஆன்ரெனாவைக் கீழை விடத் தெரியாமல் தெற்கை பாக்கப் பிடிச்சபடி நிண்டார். ரேடியோவிலை அடுத்த செத்தவீட்டுக்கு ஊர்ப் பேர் வாசிக்கத் தொடங்கினா.

"போவமே?" எண்டு கேட்டார்.

"நில்லுங்கோ," எண்டன். "மத்தியானமும் என்னை வாசிப்பினம்."