படிக்காமல் சொன்ன பதில்

இரண்டு வருடங்களுக்கு முன், பள்ளி முழு ஆண்டு விடுமுறையில் நடந்தது இது. கோவை பீளமேட்டில், பழைய மில் ஒன்று இருந்த இடத்தில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் நானும் மனைவியும் இருக்கிறோம். அப்போது மகளும் மருமகனும் பேத்தியும் எங்களுடன்தான் இருந்தார்கள். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் பால்கனிக்கு நேர் மேலேதான் விமானங்கள் போகும்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவன். கைடு படித்துவிட்டுப் பரீட்சை எழுதும் மாணவர்களை வகுப்பிலேயே எழுப்பி நிறுத்தி மானத்தை வாங்கியிருக்கிறேன்.

பேத்திக்கு அப்போது பதினான்கு வயது. வேற்றுக் கிரகம், டிராகன், மந்திரக்காடு, காலத்தில் பின்னால் போகும் ரயில் என்று அவள் வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட தடித்தடி நாவல்களாகப் படிப்பாள். படிப்பதோடு விடமாட்டாள், பார்க்கிறவர்கள் கையிலெல்லாம் ஒன்றைத் திணிப்பாள். லிஃப்டில் ஏறிய பக்கத்து வீட்டு டாக்டரம்மாகூடத் தப்பவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கீழே உள்ள ஹாலில் பிள்ளைகள் கூடுவார்கள். ஆளுக்கொரு புத்தகத்தைச் சிபாரிசு செய்யவேண்டும். முடிவைச் சொல்லக்கூடாது. புத்தகத்தை வாங்கிப் போனவர், படித்துவிட்டு வந்து, கொடுத்தவர் கேட்கும் ஒரே ஒரு கேள்விக்கு எல்லார் முன்னாலும் பதில் சொல்லவேண்டும். அதுதான் அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கம்.

அந்த மே மாதம் மகளும் மருமகனும் பேத்தியோடு கனடாவுக்குக் குடிபோவது உறுதியாகியிருந்தது. வீடெங்கும் பெட்டிகள். அந்த அமளியில் ஒரு நாள் பேத்தி என்னிடம் வந்து ஒரு நாவலை மடியில் வைத்தாள்.

"அப்புச்சி, இதை நீங்க கண்டிப்பா படிக்கோணுங்க. சனிக்கிழமை உங்களைத்தான் கேள்வி கேக்கப்போறேன்."

நான் இரண்டு பக்கம் புரட்டினேன். தண்ணீர் வற்றிப்போன கிரகம், ஒரு சிறுமி, ஒரு விண்கப்பல். எனக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாளெல்லாம் பெரிய பெரிய எழுத்தாளர்களை நடத்தியவன் இதையா உட்கார்ந்து படிப்பது என்று மூடி வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் நினைவு வந்தது. செல்போனில் கதைச்சுருக்கத்தைத் தேடிப் படித்தேன். வறட்சி, விண்கப்பல், அதற்குள் ஒரு கலகம், கடைசியில் புது மண். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் ஹாலில் என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நானும் வறட்சியைப் பற்றி, மனித குலத்தின் இடப்பெயர்வைப் பற்றி அருமையாகப் பேசினேன். "அப்புச்சி கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாருங்க" என்று ஒரு வாண்டு முணுமுணுக்க, எல்லோரும் சிரித்தார்கள். பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தன் கேள்வியைக் கேட்டாள்.

"கோபுரத்துல இருக்கற பெரியவரு அப்படிச் செஞ்சாருங்களே, அது சரிதானுங்களா?"

கோபுரமா, பெரியவரா? நான் படித்த சுருக்கத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை. 'படிக்கவில்லை கண்ணு' என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இருபது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவர் செஞ்சதுதான் சரி கண்ணு. பெரியவங்க யோசிக்காம எதையும் செய்யமாட்டாங்க" என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரிங்க அப்புச்சி" என்று உட்கார்ந்துவிட்டாள். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் கிளம்பும் நாள் வந்தது. மத்தியான விமானம். நான் வேட்டி மாற்றிக்கொண்டு தயாராக நின்றேன். பேத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "நீங்க ஏர்போர்ட்டுக்கு வரவேண்டாமுங்க அப்புச்சி" என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. வளர்ந்துவிட்டாள், கிழவன் வந்து நிற்பது கூச்சமாக இருக்கிறது போலிருக்கிறது என்று நானாக அர்த்தம் செய்துகொண்டேன். மனைவி வாசலில் நின்று, "ஏனுங்க, கொழந்த சொல்லுச்சுன்னு அப்படியே உக்காந்துக்குவீங்களா? செருப்பைப் போடுங்க" என்று அதட்டினாள். என் ரோஷம் விடவில்லை. பத்து நிமிடப் பயணத்துக்கு நான் போகவில்லை. பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். விமானம் தலைக்கு மேல் ஏறிப்போனது. அண்ணாந்துகூடப் பார்க்காமல் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

திரும்பி வந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "உள்ள போறவரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனாளுங்க. யாரைத் தேடுனாளோ."

பெட்டியின் எடை கூடிவிட்டதால் பேத்தியின் புத்தகங்கள் என் அலமாரியிலேயே தங்கிவிட்டன. மழைக்காலத்தில் ஒரு நாள், கீழ்வீட்டுச் சிறுமி வந்து, அக்கா சொன்ன விண்கப்பல் புத்தகம் வேண்டும் என்றாள். நாளைக்குத் தருகிறேன் அம்மணி என்று அனுப்பிவிட்டு, கொடுப்பதற்கு முன் பார்ப்போமே என்று திறந்தேன். பிறகு கீழே வைக்கவில்லை.

கதையில் வரும் சிறுமியைத் தூக்கி வளர்த்தவர் ஒரு கிழவர். சமிக்ஞைக் கோபுரத்தில் வேலை. கப்பலில் கிழவர்களுக்கு இடமில்லை. அவள் போகும் நாளில் அவர் வழியனுப்ப வருவதில்லை. தன் முகத்தைப் பார்த்தால் அவளால் போகமுடியாது என்று கோபுரத்திலேயே நின்றுவிடுகிறார். அவளோ, கதவு மூடும்வரை கூட்டத்தில் அவர் முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

புத்தகத்தை மூடியபோதுதான் எனக்குப் புரிந்தது. என் பேத்தி நாவலைப் பற்றிக் கேட்கவில்லை. நான் வழியனுப்ப வருவேனா, வந்தால் தாங்குவேனா என்று கேட்டிருக்கிறாள். வராமல் இருப்பதுதான் சரி என்று நான் எல்லார் முன்னாலும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்போனில் அவள் முகம் தெரிந்ததும், அன்று நான் படிக்காமலே பேசினேன் என்று சொல்லிவிட்டேன். இப்போதுதான் படித்தேன் என்றேன். "அந்தப் பெரியவரு செஞ்சது தப்பு கண்ணு. வந்திருக்கோணும்."

அவளுக்குப் பின்னால் ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது.

"எனக்கும் தப்புன்னுதானுங்க தோணுச்சு. நீங்க சரின்னீங்களா, சரி, உங்களால தாங்க முடியாதாக்கும்னு நெனச்சு நானே வரவேண்டாம்னுட்டேன்" என்றாள்.

கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பேச்சை மாற்ற, அடுத்து எதைப் படிக்கட்டும் என்று கேட்டேன். "இப்ப அந்த மாதிரி புக்கெல்லாம் படிக்கறதில்லீங்க அப்புச்சி. இங்க படிப்புக்கே நேரம் பத்தறதில்ல" என்றாள்.

அவள் விட்டுப்போன புத்தகங்களை ஒவ்வொன்றாக, கடைசிப் பக்கம் வரை, நான் படித்துவருகிறேன். சனிக்கிழமைகளில் கீழே போய்ப் பிள்ளைகளுக்குச் சிபாரிசும் செய்கிறேன். அந்த விண்கப்பல் கதையை வாங்கிப்போகிறவர்களிடம் அவள் கேட்ட கேள்வியையேதான் கேட்கிறேன். தப்பு என்று ஒரு பிள்ளை சொன்னால் ஏனோ மனம் நிறைகிறது.

இப்போதெல்லாம் எந்த விமானம் போனாலும் பால்கனிக்கு வந்து, அது கண்ணுக்கு மறையும்வரை நிற்கிறேன். கையில் கொடுத்த புத்தகத்தை நான் ஒழுங்காகப் படித்திருந்தால், அன்றைக்கு விமான நிலையக் கண்ணாடிக் கதவின் இந்தப் பக்கம் அவள் தேடிய முகம் நின்றிருக்கும்.