வெள்ளிக் கண்மலரும் என் மகளின் கண்ணும்

அம்மனை நம்புகிற உங்களுக்கு நன்றியோடும் கொஞ்சம் எரிச்சலோடும் இதை எழுதுகிறேன்.

சென்ற சித்திரையில், ரப்பர் விலை விழுந்து கிடந்த நாட்களில், பிரிக்பீல்ட்ஸில் கண்வலி பரவியது. ரயில்வே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயனை அடுத்த வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்தி எழுதுகிறவன். லயன் முழுதும் ஒரே குழாயடியில் முகம் கழுவுகிறது. அங்கே பிள்ளைகளின் முகத்தை, கையில் எந்தத் துண்டு கிடைக்கிறதோ அதிலே துடைத்துவிடுவார்கள்.

ஒரு காலை என் நான்கு வயது மகள் செல்லம், “அப்பா, கண்ணு தொறக்க மாட்டேங்குது” என்றாள். இமைகள் பீளையால் ஒட்டியிருந்தன. நனைத்து ஒற்றியெடுத்தேன். வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

அன்றே வைத்தியம் வீடு தேடி வந்தது. பிள்ளை பெற்றிருந்த பக்கத்து வீட்டுப் பெண் தாய்ப்பால் விட்டாள். இன்னொருத்தி நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்தாள். யாரோ விளக்கெண்ணெய் தடவினார்கள். இடது கண்ணும் சிவந்தது. வெளிச்சம் பட்டாலே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, “இது தொத்துற வருத்தம். கொதிச்சாறின தண்ணியால கழுவுங்கோ. பிள்ளைக்குத் தனித் துவாய் வையுங்கோ. பால், இலைச்சாறு ஒண்டும் விடாதேங்கோ. பார்வை மங்கினா உடன கொண்டு வாங்கோ” என்றார். கண் கழுவ மருந்துத் தண்ணீரும் கொடுத்தார்.

“தண்ணியக் குடுத்து அனுப்பிட்டாரு. நீங்களும் தலைய ஆட்டிட்டு வந்துட்டீங்க” என்றாள் என் மனைவி ராசம்மா.

எதிர் வீட்டு முனியம்மா அக்கா ஒரு படி மேலே போனார். இது அம்மன் தந்த சூடாம். ஆஸ்பத்திரித் தண்ணீர் பட்டால் அவளுக்குக் கோபம் வருமாம். வெள்ளிக்கிழமை கோயிலில் கண்மலர் ஒற்ற வேண்டும். அப்படியும் தணியாவிட்டால் மறுநாள் எருக்கம்பால் விட வேண்டும் என்றார். எருக்கம்பால் தோலில் பட்டாலே புண்ணாகும். நான் கத்தினேன். ராசம்மா முனியம்மா அக்காவைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் என்னைப் பயமுறுத்தியது. நான் வேலைக்குப் போனபின் வீட்டில் நடப்பது என் கையில் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை ராசம்மாவும் செல்லமும் முனியம்மா அக்காவும் உடன் வர, கோயிலில் நின்று வேண்டினேன். “தாயே, அதிசயம் கேக்கல. என் பேச்சை வீட்டுல யாரும் கேக்கல. நீயாவது சொல்லு.”

கண்ணைத் திறந்தபோது எதிரே கண்மலர்த் தட்டு. வெள்ளித் தகட்டில் செய்த இரண்டு கண்கள். அன்று கோயிலில் இருந்தது அந்த ஒரே ஜோடிதான். காணிக்கை போட்டவர்கள் அதை எடுத்துத் தம் கண்ணில் ஒற்றிவிட்டுத் தட்டில் வைத்தார்கள். முன்னால் ஒரு சிறுவன் ஒற்றினான். பீளை தகட்டில் ஒட்டியது. அவன் தாய் அதை முந்தானையில் துடைத்து அடுத்தவளிடம் கொடுத்தாள். அடுத்தவளுக்குக் கண்வலியே இல்லை. வராமலிருக்க ஒற்றிக்கொண்டாள்.

ராசம்மா கண்மலரை வாங்கக் கை நீட்டினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பேப்பர்ல எழுதுறவரு, சாமிக்கே புத்தி சொல்ல வந்துட்டாரு” என்றார் முனியம்மா அக்கா. வரிசையில் சிரிப்பு. செல்லம் அழுதாள்.

சத்தம் கேட்டுப் பூசாரி வெளியே வந்தார். குழந்தையைப் பார்த்தார். கண்மலரை எடுத்தார். அது விரலில் பிசுபிசுத்தது.

“இது அம்மா பாதத்துல வைக்கிறது. கண்ணுல தேய்க்கச் சொன்னது யாரு? நானும் வருஷா வருஷம் சொல்றேன், ஒருத்தரும் காதுல வாங்குறதில்ல” என்று சலித்துக்கொண்டே அதைக் கழுவி, செல்லத்தின் பேரைச் சொல்லி அம்மன் பாதத்தில் வைத்தார்.

ராசம்மா தயங்கித் தயங்கி எருக்கம்பால் விடலாமா என்று கேட்டாள்.

“பிள்ளை கண்ணக் கெடுத்துட்டு இங்க வந்து அழாதே. ஆஸ்பத்திரியில சொன்னதச் செய். அம்மா கோவிச்சுக்க மாட்டா.”

நான் தொண்டை வற்றச் சொன்னதும் இதைத்தான். என் வாயிலிருந்து வந்தபோது அது வெறும் பேச்சு. அங்கே அது அம்மன் வாக்கு. எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் நான் வேண்டியது எதுவோ அதுவே கிடைத்தது. அதை மறுக்க என்னால் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ராசம்மா அடுப்பில் தண்ணீர் வைத்தாள். ஒரு புடவையைக் கிழித்துக் குழந்தைக்கென்று தனித் துணிகள் செய்தாள். கையைக் கழுவாமல் என்னைக்கூடக் குழந்தையைத் தொட விடவில்லை. சிவப்பு மெல்ல மெல்ல வடிந்தது. ஒரு மாலை செல்லம் வாசலில் நின்று, தண்டவாளத்தில் ஒற்றை விளக்கோடு வந்த இஞ்சினைப் பார்த்தாள். “அப்பா, அந்த இஞ்சினுக்கு ஒரே கண்ணுதான்” என்றாள். நான் உள்ளே போய் விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கோயில் தட்டருகே நின்று, கண்ணில் ஒற்றாதீர்கள் என்று நான் சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்குக் கண் சிவந்தால் அம்மனிடமே வாருங்கள், மனம்விட்டு அழுங்கள், கேட்பாள். கண்மலரைப் பாதத்தில் வையுங்கள். பிறகு வீட்டுக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

அம்மன் என் வேண்டுதலை ஒரே மாலையில் கேட்டாள். முனியம்மா அக்கா இன்னும் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமையும் கண்மலரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார்.