மண்டு சங்கத்தில் சேர்ந்தாள்

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். பள்ளிச் சான்றிதழிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அது அச்சாகியிருக்கிறது. மற்றபடி வீட்டில் அவள் மண்டுதான். அந்தப் பெயரை வைத்தவர் அப்பா. அவர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வீட்டு முன்னறையில் டியூஷன் நடத்துவார். பையன்கள் கொட்டாவி விட ஆரம்பித்தால் உள்ளே பார்த்து, "ஏ மண்டு, தண்ணி கொண்டா!" என்று குரல் கொடுப்பார். அவள் செம்பும் தம்ளருமாக வந்து நிற்பாள். அப்போது இருப்பதிலேயே சுலபமான ஒரு கணக்கை அவளிடம் கேட்பார்.

பத்துப் பதினைந்து முகங்கள் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விடை சமையலறைக்குத் திரும்பியபின் தானாக வரும். அதற்குள் முன்னறையில் சிரிப்பு அடங்கி அடுத்த கணக்கு ஆரம்பமாகியிருக்கும்.

அண்ணன் அப்படியில்லை. கேட்பதற்கு முன்பே பதில் சொல்லும் ரகம். அவன் பொறியியல் படித்துப் பெரிய கம்பெனியில் சேர்ந்தான். இவள் பள்ளிப் படிப்போடு நின்று ஒரு செருப்புக் கடையில் வேலைக்குப் போனாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் சாது. தப்பான கியரைப் போட்டு வண்டியைக் குலுங்க வைப்பவர்களிடம்கூட, "பரவாயில்ல, இன்னொரு தடவை பாப்போம்" என்பவர். ஒரே மகள். வாய் ஓயாத பெண். பள்ளியில் நடந்ததை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லத் தொடங்கிவிடுவாள்.

அண்ணனுக்கு ஆபீசில் அடி விழுந்தது. வரவேண்டிய பதவி உயர்வு அவனைவிடச் சின்ன ஒருவனுக்குப் போய்விட்டது. அந்தச் சின்னவன் உயர் அறிவாளிகள் சங்கத்தில் உறுப்பினர். அவர்கள் வைக்கும் பரீட்சையில் நூற்றில் இரண்டு பேர்தான் தேறுவார்களாம். அந்தச் சங்கத்தின் பெயரைத் தன் விசிட்டிங் கார்டிலேயே போட்டு வைத்திருந்தான் அவன்.

"இதென்ன பிரமாதம்? நானும் எழுதறேன்" என்றான் அண்ணன். கூட ஒருவரை அழைத்துவந்தால் கட்டணத்தில் சலுகை என்றிருந்தது. தங்கையைக் கூப்பிட்டான். "சும்மா வந்து உக்காரு. தெரியலன்னா படம் வரைஞ்சுட்டு வா."

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் அவளுக்குப் பழகிப்போன வேலை அது.

ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் வகுப்பறையில் பரீட்சை நடந்தது. வினாத்தாளில் வட்டங்கள், கட்டங்கள், அம்புக்குறிகள். அடுத்து எது வரும், எது சேராது என்று கண்டுபிடிக்க வேண்டும். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யாரும் வாய்விட்டுக் கேட்கவுமில்லை. தள்ளுபடி விற்பனைக்குப் பிறகு கலைந்து கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்ப்பது போலிருந்தது அவளுக்கு. நேரம் முடியும் முன்பே பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். பக்கத்து மேஜையிலிருந்த அண்ணன் அதைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினான்.

முடிவு போனில் வந்தபோது அவள் கடையில் ஒரு குண்டு மனிதரின் காலுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். படித்து முடிப்பதற்குள் அண்ணன் அழைத்துவிட்டான்.

"உனக்கு வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணா."

"என்ன போட்டிருக்கு?"

"தேறிட்டேன்னு போட்டிருக்கு. உங்களுக்கு?"

போன் வைக்கப்பட்டது.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அப்பா அங்கேதான் இருந்தார். அப்போது அவருக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. அவள் செருப்பைக் கழற்றும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "பேப்பர் மாறிப்போயிருக்கு."

"பக்கத்துப் பக்கத்துலதானே உக்காந்தோம்? திருத்தினவன் பேரை மாத்திட்டான்" என்றான் அண்ணன். "நீ ஒரு வரி எழுதிப் போடு. அது என் அண்ணன் பேப்பர், எனக்கு இதுல சம்பந்தமில்லைன்னு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"நான்தானே எழுதினேன்?"

"நீ எழுதினேன்னு யார் நம்புவா?"

அண்ணி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "விடுங்களேன், பாவம். ஆசைக்கு வச்சுக்கட்டும்" என்றாள். அந்த வீட்டில் அவளுக்காக யாராவது பேசினார்கள் என்றால் அது இந்த ஒரு வாக்கியம்தான்.

அவள் எழுதிக் கொடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து அண்ணன் சொன்னதை அவள் தட்டியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சங்கத்தில் சேர்ந்துவிட்டாள்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் உணவு விடுதியின் மாடியறையில் கூட்டம். சங்கத் தலைவர் ஓர் ஆடிட்டர். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் தவறாமல் வருவார். தன்னோடு வேலை பார்த்த முட்டாள்களைப் பற்றிப் பேசுவதைத் தவிர அவருக்கு வேறு பேச்சுக் கிடையாது. பிறந்த தேதியைச் சொன்னால் என்ன கிழமை என்று சொல்லும் ஓர் இளைஞனும் உண்டு. சொல்லிவிட்டு, பாராட்டு வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டார் தலைவர்.

"செருப்புக் கடையில இருக்கேன்."

"சொந்தக் கடையா?"

"இல்லங்க. சேல்ஸ்."

"ஓ."

வங்கி மேலாளர் அவள் வாங்கிய மதிப்பெண்ணைக் கேட்டார். சொன்னாள். அது அவருடையதைவிட அதிகம். அவர் பிஸ்கட்டை டீயில் முக்குவதில் மும்முரமானார். தலைவர்தான் பெருமூச்சு விட்டார். "இதுதாங்க கொடுமை. இப்படிப்பட்ட மூளை, போயும் போயும் கண்டவன் காலைப் பிடிச்சிட்டிருக்கு!"

எல்லோரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் அதைப் பாராட்டாகவே சொன்னாள். "என் மூளையைப் பத்திப் பேசினாருங்க, தலைவர்."

"கண்டவன் காலுன்னா சொன்னாரு?" என்று கேட்டார் அவர்.

மூன்றாவது கூட்டத்திலோ நான்காவதிலோ, கடை ஊழியர்களுக்குச் சலுகை விலை உண்டு என்பது தலைவருக்குத் தெரிந்தது. அடுத்த முறை அளவு பார்க்கும் பலகையைப் பையில் வைத்து எடுத்துவரச் சொன்னார். எடுத்துப் போனாள். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி காலை நீட்டினார். அறிவாளிகள் கையில் ஆட்சி இருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்பது அன்றைய தலைப்பு. அதைப் பேசிக்கொண்டே காலுறையை அவள் கழற்றட்டும் என்று காத்திருந்தார். கழற்றினாள். அவரை அடுத்து வங்கி மேலாளர், பிறகு அந்தக் கிழமைக்காரன். "எனக்கு வலது கால் கொஞ்சம் பெருசு, கவனிச்சீங்களா?" என்றான் அவன், அதையும் ஒரு சாதனைபோல.

அவளை அழைத்துப்போக வந்த கணவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். பயிற்சிப் பள்ளியின் பலகை வைத்த காரில் இரண்டு தெரு தாண்டினார்கள். பிறகு, "அங்க போயும் இதே வேலைதானா?" என்றார்.

"உங்களுக்குப் புரியாது. அந்த மாதிரி ஆளுங்ககூட உக்காரவே ஒரு தகுதி வேணும்."

"நீ உக்காரலையேம்மா. மண்டி போட்டிருந்தே."

அதற்கு அவள் கொடுத்த பதில் நெடுநாள் அந்த வீட்டில் கிடந்தது. "நூத்துல தொண்ணூத்தெட்டு பேர் இருக்காங்கல்ல? அதுல ஒருத்தர் நீங்க. அவ்வளவுதான்."

அவர் முதலில் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். "நான் மெஜாரிட்டி கட்சிப்பா" என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம்கூடச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அவள் நிறுத்தவில்லை. காய்கறி வாங்கி வந்தால் தொண்ணூற்றெட்டு. டிவி பார்த்துச் சிரித்தால் தொண்ணூற்றெட்டு. அப்புறம் அவர் சிரிப்பதையே விட்டுவிட்டார்.

கடையில் காஷியர் அக்கா ஒருநாள் வெள்ளந்தியாகக் கேட்டாள். "அதுல சேந்தா என்ன கிடைக்கும்?"

"கிடைக்கறதுக்காகவா சேர்றாங்க?"

"பின்ன எதுக்கு?"

அவள் அட்டைப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டாள்.

சங்கத்தில் பிள்ளைகளுக்கென்று தனிப் பரீட்சை வைத்தார்கள். மகளுக்கு அப்போது பதிமூன்று வயது. அறிவு பிறவியிலேயே வருவது, படித்து வருவதல்ல என்று கூட்டத்தில் அவளே பேசியவள்தான். ஆனாலும் வாரக்கணக்கில் மகளை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தாள். மகளுக்கு வட்டமும் கட்டமும் ஓடவில்லை. "அம்மா, இந்த முக்கோணம் எங்க ஹெட்மாஸ்டர் மூக்கு மாதிரியே இருக்கும்மா" என்பாள். தலையில் குட்டு விழும்.

முடிவு வந்த அன்று பஸ்ஸில் இருந்தார்கள். போனைப் பார்த்த அம்மாவிடம் மகள், "என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

"மண்டு" என்றாள் அவள்.

யோசித்துச் சொல்லவில்லை. அவளுடைய அப்பா தண்ணீர் கொண்டுவரச் சொல்லும் அதே ராகத்தில் வாயிலிருந்து விழுந்தது. மகள் கேலி என்று நினைத்துச் சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கினாள். ஜன்னல் பக்கம் திரும்பி, இறங்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு வாசலில் பள்ளிக் கதைகள் கேட்கவில்லை.

அதற்குள் அப்பாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. முதலில் மூக்குக்கண்ணாடியை மறந்தார், பிறகு தெருவை, பிறகு ஆட்களை. ஒரு ஞாயிறு காலை அண்ணனும் அண்ணியும் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. "ரெண்டு மணி நேரம் அப்பாவைப் பாத்துக்க" என்றார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது சங்கத்தில் வாங்கிய புதிர்ப் புத்தகத்தையும் பையில் எடுத்துக்கொண்டாள். எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. அவள் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு கேள்வி கேக்கட்டுமா?"

"கேளுங்க" என்றார் பணிவாக.

"ரெண்டு, நாலு, ஆறு. அடுத்து என்ன?"

அவர் உதடுகள் அசைந்தன. விரல்களை மடக்கினார், பிரித்தார். "ஏழா?"

"தப்பு. நாய், பூனை, நாற்காலி, மாடு. இதுல சேராதது எது?"

"மாடு."

"ஏன்?"

"மாடு இங்க இல்லையே."

"தப்பு."

"அம்மா, போதும்மா" என்றாள் மகள்.

"சும்மா இரு. இவர் எத்தனை பேரைக் கேட்டிருப்பாரு, தெரியுமா?"

பக்கம் பக்கமாகக் கேட்டாள். அவர் நெற்றியில் வேர்வை கோத்தது. ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, நாற்பது வருடமாகத் தொண்டையில் வைத்திருந்த சொல்லை நிதானமாகச் சொன்னாள். "மண்டு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது. கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "வந்துட்டாளா? தண்ணி கொண்டுவரச் சொல்லுங்க டீச்சரம்மா. ரொம்ப தாகமா இருக்கு."

அவள் ஸ்டூலை இன்னும் அருகில் இழுத்தாள். "யாரு அவ?"

"என் பொண்ணு."

"ஒண்ணும் தெரியாதா அவளுக்கு?"

ஆசிரியர் அறையில் சக ஆசிரியரிடம் பேசுவதுபோல் அவர் குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் தெரியும் டீச்சர். அவ அண்ணனைவிடச் சூட்டிகை. உள்ள போய் அடுப்புகிட்ட நின்னு பதிலை முணுமுணுப்பா. என் காதுலயே விழும். நாலு பேர் முன்னாடின்னா வாய் வராது, அவ்வளவுதான்."

"தெரிஞ்சுதான் கேட்டீங்களா?"

"பசங்க சிரிப்பாங்கல்ல? சிரிச்சாத்தான் மறுநாள் டியூஷனுக்கு வருவாங்க." அவரும் சிரித்தார். "அடுத்த கேள்வி கேளுங்க டீச்சர். இந்தத் தடவை சரியாச் சொல்றேன்."

மகள்தான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தாத்தாவின் வாயில் தம்ளரைப் பிடித்துக் குடிக்கவைத்தாள். பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அம்மா ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் விடாமல், "கேளுங்க டீச்சர், கேளுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் புத்தகத்தை நிமிர்த்தி அடுத்த கேள்வியைப் படித்தாள். அவர் தப்பாகச் சொன்னார். தப்பு என்று சொன்னாள்.

அன்று அங்கே நடந்ததை மகள் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் மனைவியிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் அப்போதெல்லாம் கேட்பதும் சொல்வதும் அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் மட்டும்தான்.

கிழவர் அதன்பின் சில மாதம் இருந்தார். சாவு வீட்டில், வந்த பழைய மாணவர்களிடம் அண்ணன் அவளைக் காட்டி, "இவளும் அறிவாளிதான், சர்டிபிகேட்டெல்லாம் வச்சிருக்கா" என்றான். அவர்கள் டியூஷன் காலத்துப் பையன்கள். தலை நரைத்திருந்தது. சாவு வீடு என்பதை மறந்து, ஒன்றிரண்டு பேர் பழைய ஞாபகத்தில் சிரித்துவிட்டார்கள்.

வருடச் சந்தாவுக்கு நினைவூட்டல் வந்தது. கட்டினாள்.

"இன்னும் எதுக்கு அது?" என்றார் கணவர்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்து என்ன பண்ணச் சொல்றீங்க?"

அதுவும் சரிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இருக்கும் அறைக்குள் மகள் வருவதில்லை.